பிணைத்தொகையும் காவல்துறை மானியமும்: வாஷிங்டன் விதிக்கும் நிபந்தனை எங்கே இடறுகிறது?

2025 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப், பணம் கட்டி வெளியே வரும் ரொக்கப் பிணை முறை தொடர்பாக இரண்டு நிர்வாக ஆணைகளில் கையெழுத்திட்டார். ஒன்று தலைநகர் வாஷிங்டனுக்கு மட்டும் உரியது. மற்றொன்று நாடு முழுமைக்கும் பொருந்துவது. இரண்டாவது ஆணையின்படி, பொதுப் பாதுகாப்புக்கு வெளிப்படையான அச்சுறுத்தலாக அமையும் குற்றங்களிலும் ரொக்கப் பிணையைப் ‘பெருமளவு ஒழித்துவிட்ட’ மாநிலங்கள், உள்ளூர் ஆட்சிப் பகுதிகள் எவை என்று கூட்டாட்சி நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் 30 நாள்களுக்குள் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலில் இடம்பெறும் பகுதிகளுக்குச் சென்றுகொண்டிருக்கும் கூட்டாட்சி மானியங்களிலும் ஒப்பந்தங்களிலும் எவற்றை நிறுத்திவைக்கலாம், எவற்றை ரத்து செய்யலாம் என்பதை ஒவ்வொரு துறையும் கண்டறிய வேண்டும். வன்முறை, பாலியல் குற்றங்களோடு வீடு புகுந்து திருடுவது, சூறையாடுவது, பிறர் சொத்தைச் சேதப்படுத்துவது ஆகியவையும் ஆணையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன.

இந்த ஆணையைச் சுற்றி நடக்கும் வாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ரொக்கப் பிணை உண்மையிலேயே மக்களைப் பாதுகாக்கிறதா என்பது ஒன்று. பாதுகாக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அதைக் கைவிட்ட மாநிலத்தின் காவல்துறைக்குப் போகும் பணத்தை அதிபர் தம் விருப்பப்படி நிறுத்த முடியுமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்பதே என் முடிவு. ஆனால் இரண்டுக்குமான காரணங்கள் வேறு வேறு. முதல் கேள்வியில் என்னோடு உடன்படாதவர்கூட இரண்டாவதைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றாகவே விளக்குகிறேன்.

நம் நீதிமன்றங்களில் பிணை கொடுக்கும்போது இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று நீதிபதி கேட்பதும், நிற்பவர் தம் சொத்துக்கோ வருமானத்துக்கோ சான்று காட்டுவதும் வழக்கம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறை வேறு. நீதிபதி ஒரு தொகையைச் சொல்வார். அதைக் கட்டினால் வீட்டுக்குப் போகலாம், கட்டாவிட்டால் வழக்கு முடியும்வரை உள்ளூர்ச் சிறையில் இருக்க வேண்டும். எல்லா விசாரணைகளுக்கும் தவறாமல் வந்தால் தொகை திரும்பக் கிடைக்கும். 10,000 டாலர் கட்டச் சொன்னால் பெரும்பாலான குடும்பங்களால் ஒரே நாளில் புரட்ட முடியாது. அங்கேதான் பிணை முகவர்கள் நுழைகிறார்கள். அவர்களிடம் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 டாலர் கொடுத்தால், மீதிக்கு அவர்கள் நீதிமன்றத்துக்குப் பொறுப்பேற்பார்கள். அந்த 1,000 டாலர் அவர்களுடைய கட்டணம். குற்றம் சாட்டப்பட்டவர் ஒருநாள்கூடத் தவறாமல் நீதிமன்றத்துக்கு வந்தாலும், வழக்கே தள்ளுபடியானாலும் அது திரும்பி வராது. லாபத்துக்காக நடத்தப்படும் இந்தத் தொழிலை அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் தவிர வேறு எந்த நாடும் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவுக்குள்ளும் கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சின், இல்லினாய் ஆகிய மாநிலங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முகவர் தொழிலைத் தடை செய்துவிட்டன.

இந்த முறையில் சிறைக்குள் தங்கிவிடுவது யார் என்பதை நியூ ஜெர்சி மாநிலம் 2013-இல் கணக்கெடுத்துப் பார்த்தது. மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவான கவுண்டிகளின் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர், 2,500 டாலரோ அதற்கும் குறைவாகவோ கட்ட முடியாத ஒரே காரணத்தால் உள்ளே இருந்தனர். அவர்களை வெளியே விடலாம் என்று நீதிபதி முன்பே முடிவு செய்திருந்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆபத்தானவர்கள் என்று எவரும் தீர்மானித்து அவர்களை அடைத்து வைக்கவில்லை; பணம் இல்லாததால் அடைபட்டுக் கிடந்தார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த 16 வயதுச் சிறுவன் ஒருவன், ஒரு முதுகுப்பையைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு 2010-இல் கைதானான். அவனுக்கு விதிக்கப்பட்ட பிணை 3,000 டாலர். குடும்பத்தால் அதைக் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று ஆண்டுகள் இருந்தான். அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறை. 2013-இல் வழக்கு கைவிடப்பட்டது. வெளியே வந்த இரண்டு ஆண்டுகளில் அவன் தற்கொலை செய்துகொண்டான். நியூயார்க் மாநிலம் 2019-இல் கொண்டுவந்த பிணைச் சீர்திருத்தத்துக்கு அழுத்தம் கொடுத்த நிகழ்வுகளில் இது முதன்மையானது.

ரொக்கப் பிணையை ஒழிப்பது என்றால் பிடிபட்ட எல்லாரையும் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த விவாதத்தில் மிக அதிகமாகத் திரிக்கப்படுவது இதுதான். இதற்கான மறுப்பு கூட்டாட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதிபர் ரொனால்டு ரீகன் காலத்தில், 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய பிணைச் சீர்திருத்தச் சட்டம், ஒருவரை விடுவித்தால் பிறருக்கு ஆபத்து என்று அரசுத் தரப்பு தெளிவான சான்றுகளோடு நிறுவினால், விசாரணைக்கு முன்பே அவரைக் காவலில் வைக்க நீதிபதிக்கு அதிகாரம் தந்தது. உச்ச நீதிமன்றம் 1987-இல் சலேர்னோ வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. விடுதலையே பொதுவிதி, தீர்ப்புக்கு முந்தைய காவல் கவனமாக வரையறுக்கப்பட்ட விதிவிலக்கு என்றும் அந்தத் தீர்ப்பிலேயே எழுதியது. அதே 1984 சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: காவலிலேயே வைத்திருக்கும் விளைவைத் தரக்கூடிய பண நிபந்தனை எதையும் நீதிபதி விதிக்கக் கூடாது. அடைத்து வைக்க வேண்டுமானால் விசாரணை நடத்தி, காரணம் எழுதி அடைக்க வேண்டும். கட்ட முடியாத தொகையைச் சொல்லிவிட்டு ஒதுங்கக் கூடாது. இதனால் கூட்டாட்சி நீதிமன்றங்கள் மென்மையாகிவிடவில்லை. தம் முன் வருபவர்களில் பெரும்பாலோரை அவை தீர்ப்புக்கு முன்பே காவலில் வைக்கின்றன, பிணை முகவரின் துணை இல்லாமலே.

தலைநகர் வாஷிங்டனின் சட்டமும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. 1992 முதல் அங்கே ஒருவரைக் காவலில் இருத்திவிடும் விதத்தில் பணப் பிணை விதிப்பதற்குத் தடை இருக்கிறது. வன்முறை வழக்குகளில் விசாரணை நடத்திக் காவலில் வைக்க வழி உண்டு. விடுவிக்கப்படுபவர்களைக் கண்காணிக்கவும் நினைவூட்டவும் கூட்டாட்சி நிதியில் இயங்கும் தனி அமைப்பே இருக்கிறது. ஆகஸ்ட் மாத ஆணைகளில் முதலாவது, தலைநகரில் கைதாகிறவர்கள்மீது முடிந்தவரை கூட்டாட்சிக் குற்றச்சாட்டுகளைப் பதிந்து, கூட்டாட்சிக் காவலில் வைக்கச் சொல்கிறது. அப்படிக் கொண்டுபோகப்படும் நீதிமன்றத்தில் பிணையைத் தீர்மானிப்பது மேலே சொன்ன 1984 சட்டம்தான். பணப் பிணையை நம்பாத ஒரு முறையிலிருந்து, பணப் பிணையை நம்பாத இன்னொரு முறைக்குக் கைதியை மாற்றுவதுதான் நடைமுறையில் நிகழ்வது.

ரொக்கப் பிணையை முழுவதுமாக ஒழித்த முதல் மாநிலம் இல்லினாய். ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் 2021 பிப்ரவரியில் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது 2023 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வர இருந்தது. 60-க்கும் மேற்பட்ட கவுண்டிகளின் அரசு வழக்கறிஞர்களும், கவுண்டிக் காவல்துறைத் தலைவர்களான ஷெரீஃப்களும் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். கங்ககீ கவுண்டியில் ஒரு நீதிபதி, புத்தாண்டுக்குச் சில நாள்களுக்கு முன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிறுத்திவைத்து விசாரித்தது. 2023 ஜூலை 18 அன்று ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், மாநில அரசமைப்பு பணப் பிணையை ஒரே வழியாகக் கட்டாயப்படுத்தவில்லை என்று தீர்ப்பளித்தது. செப்டம்பர் 18 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கடுமையான வன்முறைக் குற்றம், குடும்ப வன்முறை, பாலியல் குற்றம், துப்பாக்கிக் குற்றம் போன்ற வகைகளில் அரசு வழக்கறிஞர் மனு போட்டால், நீதிபதி விசாரித்துக் காவலில் வைக்கலாம். காவலில் வைத்துவிட்டால் எவ்வளவு பணம் கொண்டுவந்தாலும் வெளியே வர முடியாது. பழைய முறையில் மனைவியை அடித்தவன் கையில் பணமிருந்தால் அன்றிரவே வீட்டு வாசலில் வந்து நிற்க முடிந்தது. குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்காக இயங்கும் அமைப்புகள் இல்லினாய்ச் சட்டத்தை ஆதரித்ததற்கு இது முக்கியக் காரணம்.

நியூ ஜெர்சியின் மாற்றம் இதற்கும் முந்தையது. அங்கே அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி குடியரசுக் கட்சிக்காரர். 2014-இல் அவர் கையெழுத்திட்ட சட்டமும், அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்புத் திருத்தமும் சேர்ந்து, 2017 ஜனவரி முதல் பணப் பிணையை ஏறத்தாழ வழக்கொழியச் செய்தன. 2015 இறுதிக்கும் 2018 இறுதிக்கும் இடையில், தீர்ப்புக்குக் காத்திருந்து சிறையில் இருந்தவர்களின் எண்ணிக்கை சுமார் 44 விழுக்காடு குறைந்தது. நீதிமன்றத்துக்குத் தவறாமல் வந்தவர்களின் விகிதம் 2014-இல் 92.7 ஆக இருந்தது, 2017-இல் 89.4 ஆனது. வெளியே இருந்தபோது புதிய கடும் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்களின் விகிதம் 12.7-இலிருந்து 13.7-க்கு நகர்ந்தது. இந்தச் சிறு மாற்றங்களை மறைக்கத் தேவையில்லை. சிறையில் கிடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை வெளியே விட்ட பிறகும் எண்கள் இவ்வளவுதான் அசைந்தன.

நியூயார்க்கின் கதை இவ்வளவு எளிதல்ல. 2020-இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், பெரும்பாலான சிறு குற்றங்களுக்கும் வன்முறையற்ற குற்றங்களுக்கும் பணப் பிணையை நீக்கியது. ஆனால் ஒருவர் பிறருக்கு ஆபத்தானவரா என்று எடைபோடும் அதிகாரத்தை நீதிபதிகளுக்குத் தரவில்லை. அந்த மாநிலத்தில் அது முன்பும் இருந்ததில்லை. பணத்தையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக விசாரணைக் காவல் என்ற வழியையும் திறக்காமல் விட்டது சட்டத்தின் உண்மையான குறை. நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் துல்லியமாகக் காட்டின: கட்டாய விடுவிப்புக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோர் மீண்டும் கைதாவது குறைந்திருந்தது, ஆனால் அண்மையில் வேறு வழக்குகளும் இருந்தவர்களிடையே அது கூடியிருந்தது. சட்டமன்றம் 2020, 2022, 2023 என மூன்று முறை சட்டத்தைத் திருத்தியது.

மறுபக்கத்தில், ரொக்கப் பிணையே பாதுகாப்பு என்பவர்கள் விஸ்கான்சினின் வாக்கெஷா நகரை மறக்கக் கூடாது. 2021 நவம்பரில் அங்கே கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குள் காரை ஓட்டி ஆறு பேரைக் கொன்றவர், ஒரு பெண்ணைக் காரால் மோதியதாக வந்த முந்தைய வழக்கில் பிணையில் வெளியே இருந்தவர். அந்தப் பிணை 1,000 டாலர் ரொக்கம். பணம் கட்டப்பட்டதும் கதவு திறந்தது. தொகையை உயர்த்தியிருந்தால் உள்ளேயே இருந்திருப்பார் என்று சிலர் வாதிடுகிறார்கள். அப்படியானால் அவரை உள்ளே வைத்திருக்கும் பொறுப்பை நீதிபதியின் ஆராய்ச்சியிடம் ஒப்படைக்காமல், அவருடைய குடும்பத்தின் கையிருப்பிடம் ஒப்படைக்கிறோம் என்று பொருள். இதைவிடப் பலவீனமான காவல் ஏற்பாடு இருக்க முடியாது.

இனிப் பணத்தின் பக்கம் வருவோம். கூட்டாட்சி அரசு மாநில, உள்ளூர்க் காவல் பணிகளுக்குக் கொடுக்கும் நிதியில் முக்கியமானது பைர்ன் நினைவு நீதி உதவி மானியம். எட்வர்ட் பைர்ன் என்ற 22 வயது நியூயார்க் காவலர், போதைப்பொருள் கும்பலைப் பற்றிப் புகார் கொடுத்த ஒருவரின் வீட்டுக்கு வெளியே, 1988 பிப்ரவரி 26 அன்று அதிகாலையில் ரோந்துக் காரில் தனியாகக் காவல் இருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். சாட்சியைக் காத்து நின்றவரின் பெயரில் அமைந்த இந்த மானியம் ரேடியோக்கள், உடல் கேமராக்கள், கூடுதல் நேரப் பணி ஊதியம், பல ஊர்க் காவலர்கள் சேர்ந்து இயங்கும் போதைப்பொருள் தடுப்புக் குழுக்கள், சிறப்பு நீதிமன்றங்கள் எனப் பலவற்றுக்குச் செலவாகிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சில நூறு மில்லியன் டாலர்தான். பெருநகரத்துக்கு அது சிறு தொகை. சிறு கவுண்டிக்கு அதுதான் புதிய வாகனம்.

இந்தப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில்தான் வாதத்தின் மையம் இருக்கிறது. காங்கிரஸ் எழுதிய சூத்திரப்படி, மாநிலத்தின் பங்கில் பாதி மக்கள்தொகையையும் மறுபாதி வன்முறைக் குற்றங்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதில் 60 விழுக்காடு மாநில அரசுக்கும் 40 விழுக்காடு உள்ளூர் அரசுகளுக்கும் செல்கிறது. வன்முறை மிகுந்த இடத்துக்கு அதிகப் பணம் போக வேண்டும் என்பதே ஏற்பாட்டின் நோக்கம். ஆகவே மானியத்தை நிறுத்தினால் அடி அதிகம் விழுவதும் அங்கேதான். வன்முறையைக் குறைப்பதற்காக என்று அறிவிக்கப்பட்ட ஆணை, வன்முறையை எதிர்கொள்ளும் காவலரின் கருவியை முதலில் பறிக்கிறது. பிணைச் சட்டத்தை எழுதியவர்களுக்கோ அதனால் ஒன்றும் குறையாது.

இல்லினாய் ஷெரீஃப்களை எண்ணிப் பாருங்கள். சட்டம் வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம்வரை போராடித் தோற்றவர்கள் அவர்கள். சட்டத்தை இயற்றியது சட்டமன்றம். செல்லும் என்றது நீதிமன்றம். விடுவிக்கும் ஆணையில் கையெழுத்திடுவது நீதிபதி. மானியம் நின்றால் இழப்பது ஷெரீஃப் அலுவலகம். தன்னால் மாற்றவே முடியாத ஒன்றுக்காக அது தண்டனை பெறும்.

பணத்தைக் காட்டி மாநிலங்களை வளைப்பது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1984-இல் காங்கிரஸ், மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியைக் குறைக்கும் சட்டத்தை இயற்றியது. 1987-இல் தெற்கு டகோட்டா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, எல்லைகளையும் வகுத்தது: நிபந்தனை பொதுநலனுக்கானதாக இருக்க வேண்டும், ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும், நிதியின் நோக்கத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், வேறு வகையில் அரசமைப்புக்கு முரணாகவும், மாநிலத்தை வேறு வழியின்றி நெருக்குவதாகவும் இருக்கக் கூடாது. 1994 குற்றத் தடுப்புச் சட்டம், வன்முறைக் குற்றவாளிகள் தண்டனைக் காலத்தில் 85 விழுக்காட்டையாவது சிறையில் கழிப்பதை உறுதிசெய்யும் மாநிலங்களுக்குச் சிறை கட்டக் கூடுதல் நிதி தந்தது. பைர்ன் மானியத்திலேயே, பாலியல் குற்றவாளிகளைப் பதிவு செய்யும் கூட்டாட்சி விதிகளை நிறைவேற்றாத மாநிலத்துக்குப் பத்து விழுக்காடு வெட்டு உண்டு. 2006-இல் காங்கிரஸ் அதை எழுதிச் சேர்த்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. நிபந்தனையை எழுதியது காங்கிரஸ், எவ்வளவு வெட்டு என்பது உட்பட.

அதிபர் தாமாகவே நிபந்தனை சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017-இன் அனுபவம் இருக்கிறது. குடியேற்ற அதிகாரிகளோடு ஒத்துழைக்காத நகரங்களுக்குப் பைர்ன் மானியத்தை மறுக்க அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் புதிய நிபந்தனைகளை விதித்தார். இல்லினாயின் சிகாகோ நகரம் வழக்கு போட்டது. ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல், செலவழிக்கும் அதிகாரம் காங்கிரசிடம் இருக்கிறது, அதை வாளாக்கி மாநிலங்கள்மீது வீச நிர்வாகத்துக்கு உரிமையில்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. சான் பிரான்சிஸ்கோ தொடுத்த வழக்கில் ஒன்பதாவது வட்டாரமும் அதே ஆண்டு அதே திசையில் சென்றது. 2020-இல் நியூயார்க்கைச் சேர்ந்த இரண்டாவது வட்டாரம் மட்டும் அரசின் பக்கம் நின்று, அட்டர்னி ஜெனரலுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. முரண்பாட்டை உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்க வேண்டும். 2021-இல் ஆட்சி மாறியதும் வழக்குகள் திரும்பப் பெறப்பட்டதால் கேள்வி அப்படியே நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஓரிக், அதே வகையான புதிய முயற்சிக்கு மறுபடியும் இடைக்காலத் தடை விதித்தார்.

பிணை ஆணையில் இவற்றோடு தெளிவின்மையும் சேர்கிறது. ‘பெருமளவு’ என்பதற்கு அளவு எது என்று ஆணை சொல்லவில்லை. அட்டர்னி ஜெனரலின் கருத்தே அளவு. நூற்றில் பத்து வழக்குகளில் பணப் பிணை விதிக்கும் கவுண்டி பட்டியலில் வருமா, வராதா? சட்டம் அனுமதித்தும் நீதிபதிகள் பயன்படுத்தாத மாநிலம்? விசாரணைக் காவல் வைத்திருக்கும் இல்லினாயும், அது இல்லாத நியூயார்க்கும் ஒன்றா? மானியத்தை வாங்கும்போதே எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று மாநிலத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1981 முதல் சொல்லிவருகிறது.

இதே ஆயுதத்தை எதிர்ப்பக்கமும் எடுக்க முயன்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் ஜனநாயகக் கட்சியின் டெட் லியூ, பணப் பிணையை வைத்திருக்கும் மாநிலங்களுக்குப் பைர்ன் மானியத்தை மறுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 2018-இல் பெர்னி சாண்டர்ஸ் செனட்டில் அதே பாதையில் சென்றார். இரண்டும் நிறைவேறவில்லை. அவர்கள் காங்கிரஸ் வழியே முயன்றார்கள் என்பது முக்கியமான வேறுபாடு. இன்று சிகாகோவுக்கு எதிராக அதிபருக்கு இந்த அதிகாரம் உண்டென்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், நாளை வரும் வேறொரு அதிபர் ஒரே கையெழுத்தில், பணப் பிணையை வைத்திருக்கும் டெக்சஸின் மானியத்தை நேர்மாறான காரணத்துக்காக நிறுத்தலாம். டெக்சஸ் ஷெரீஃப்கள் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

காங்கிரஸே நாளை இப்படியொரு சட்டத்தை இயற்றினால் நிலைமை வேறு. காவல் பணிக்கான நிதிக்கும் பிணைக்கும் தொடர்பு உண்டு என்று வாதிடலாம். பைர்ன் மானியம் சிறியது என்பதால், 2012-இல், ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்ட நெருக்குதல் இங்கே இருப்பதாகச் சொல்வதும் கடினம். விரும்பாத மாநிலம் தன் பத்து விழுக்காட்டையோ முழுத் தொகையையோ விட்டுவிட்டுத் தன் சட்டத்தை வைத்துக்கொள்ளும். அரசமைப்புப்படி அது செல்லும் என்றே கருதுகிறேன், கொள்கையாக அதை ஏற்க முடியாவிட்டாலும். பிணையைக் கடுமையாக்க நினைக்கும் மாநிலங்களுக்கு வழியும் ஏற்கெனவே திறந்திருக்கிறது. வாக்கெஷா கொலைகளுக்குப் பிறகு விஸ்கான்சின் வாக்காளர்கள் 2023 ஏப்ரலில் தம் அரசமைப்பைத் திருத்தினார்கள். 2025 ஆகஸ்டில் சார்லட் நகர ரயிலில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டதும், எழுத்துவழி உறுதிமொழியின்பேரில் முன்பு விடுவிக்கப்பட்ட ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. வட கரோலினா சட்டமன்றம் சில வாரங்களில் பிணைச் சட்டத்தை இறுக்கியது. அந்தத் திருத்தங்களின் உள்ளடக்கத்தோடு எனக்கு மாறுபாடு உண்டு. ஆனால் அவற்றை அடுத்த தேர்தலில் மாற்றும் உரிமை அந்த மாநிலங்களின் வாக்காளர்களிடமே இருக்கிறது, அதற்காக எந்தக் காவல் நிலையமும் தன் ரேடியோவை இழக்க வேண்டியதில்லை.